ஒரு சுற்றுக்கு ஒரு சொல்

நாள் 212. 09:10
எழுதுவது: எஸ்தர் பாக்கியம், நரம்பியல் மருத்துவர், 'தாமிரா' விண்வெளி ஆய்வுக்கலம். தனி ஆள். நோயாளியும் நானே. பயணத்தின் நடுவே தெரியவந்த மூளைப் புற்று தண்டுவடத்துக்கும் பரவிவிட்டது. மருந்து நான் உருவாக்கியது. முதலில் ஏறும் மனித உடம்பும் என்னுடையதே. கலத்தின் அறுவை இயந்திரக் கரம் தலைத்தோலுக்கடியில் பதித்த சிறு குமிழில் ஊசி போட்டேன். மருந்து கனமானது; மூளையைச் சுற்றியுள்ள நீரில் மெல்ல முதுகுக்கு இறங்க வேண்டும். விதிப்படி நாற்காலியில் ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விதியை எழுதியவளும் நான்தான், மீற முடியுமா?

நாள் 219. 09:10
ஸ்கேன்: தலையில் கட்டி பாதியாகிவிட்டது. முதுகில் கொஞ்சமும் குறையவில்லை. இடது கால் மரத்துவிட்டது. இரண்டாம் ஊசி. நாற்காலி, ஒரு மணி நேரம்.

நாள் 226. 11:30
இரண்டு காலும் போய்விட்டன. பூமியிலிருந்து என் தலைமை மருத்துவர் அருமைநாயகம் சார்:
"முதுகுல வேலை செய்யலியேம்மா. இங்க வார்டுல இந்த மருந்துக்காக நாப்பது பேரு காத்திருக்காங்க, எல்லாருக்கும் முதுகுக்கு இறங்குன கேஸு. நாளன்னிக்கு மருந்துக்கு அனுமதி தர்ற குழு கூடுது. உன் ஸ்கேனப் பாத்துட்டு மருந்தே வேண்டாம்னுருவாங்க."

நாள் 226. 14:40
மடச்சி. நான் ஒரு மடச்சி. எடையே இல்லாத கலத்தில், வாரைக் கட்டிக்கொண்டு 'நிமிர்ந்து' உட்கார்ந்திருக்கிறேன்! கீழே என்று ஒன்று இருந்தால்தானே மருந்து இறங்கும்? இருபது வருஷ வார்டுப் பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது. சாருக்குச் சொன்னேன். பதில்: "நம்புறேன்மா. குழு ஸ்கேன்தான் கேக்கும்."

நாள் 226. 20:15
கலத்தைச் சுழற்றினால் எடை வரும். தலை நடுவில், கால் வெளிச்சுவரில். எரிபொருள் சுழற்ற மட்டும்தான் இருக்கிறது, நிறுத்த இல்லை. சுழலும் கலத்தை எந்த மீட்புக் கலமும் நெருங்க முடியாது. பயமாக இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டேன்.

நாள் 227. 06:00
எடை வந்துவிட்டது. ஊசி போட்டாயிற்று. மூன்று முறை வாந்தி.

நாள் 228. 07:05
ஸ்கேன்: முதுகில் சுருங்குகிறது. வலது கட்டைவிரல் அசைகிறது! வாய்விட்டு அழுதேன்.
குழு கூட இன்னும் மூன்று மணி நேரம். ஸ்கேன் அனுப்ப வழியில்லை. ஆன்டெனா ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நொடிதான் பூமியைப் பார்க்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு சொல்தான் போகும்.
"முதுகில்." "சுருங்குது." "மருந்து." "சரி." "நாற்காலி." "தப்பு." "நிறுத்தாதீங்க."
திரும்பத் திரும்ப அனுப்புகிறேன்.

நாள் 228. 10:50
சாரின் குரல், துண்டு துண்டாக:
"கேட்டுச்சு." "குழு." "ஸ்கேன்." "இல்லாமலே." "ஒத்துக்கிச்சு." "நாப்பது." "பேருக்கும்." "போடுறோம்."
அடுத்த சுற்றில்:
"நீ?"

நாள் 228. 11:15
சுழற்சி தள்ளாடுகிறது. ஆன்டெனா வேறெங்கோ பார்க்கிறது. சார், விரல் அசைகிறது. அதை மட்டும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சுற்று போதும்.
இந்தச் சுற்றில் பூமி வரவில்லை.
இந்தச் சுற்றிலும்