தூங்கவில்லை என்று எழுதித் தரவும்

வீட்டு நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பாளருக்கு, உன் அரைக்கண்ணன் அன்போடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரத்திலிருந்து நான் அணு உலையின் கட்டுப்பாட்டு அறையில் இல்லை. கிடங்கில் உட்கார்ந்து தலைக்கவசங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வேலை எப்படிப் போகிறது என்று நீ போனில் கேட்டபோது "பளபளன்னு போகுது" என்றேனே, அது பொய்யில்லை.

பேத்தி உன் மூக்கோடு பிறந்திருக்கிறாள் என்று மருமகன் சொன்னார். மூக்கு போகட்டும், குரலும் உன்னுடையதாமே! மகளுக்குத் தையல் ஆறிவிட்டதா? அவளை மாடி ஏற விடாதே.

இனி என் கதை. எங்கள் மேசைக்கு எதிரே புதிதாக ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். நாங்கள் உலையைப் பார்க்கிறோம், அது எங்களைப் பார்க்கிறது. கண் கொஞ்ச நேரம் மூடியிருந்தால் பீப் என்று கத்தும். என் கண்ணின் லட்சணம் உனக்குத் தெரியும், எப்போதும் பாதி மூடியேதான் இருக்கும். முதல் நாளே, கொட்டக் கொட்ட விழித்திருந்த என்னைத் தூங்குவதாகக் காட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து பேயைக் கண்டவன் மாதிரி முழித்துக்கொண்டே வேலை பார்த்தேன். டீ கொண்டுவருபவர், "வீட்ல ஏதாச்சும் துக்கமா சார்?" என்று விசாரித்தார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மணிக்கொரு தரம் ஒவ்வொரு மீட்டரிலும் விரலை வைத்து, அது காட்டுவதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் அதைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வார். போன வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படித்தேன். கணீரென்று, ஒரு தடங்கல் இல்லாமல் படித்தேன். ஆனால் விரல் முதல் மீட்டரை விட்டு நகரவே இல்லையாம். போன தடவை படித்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். அதற்குள் குளிர்நீர் பம்பின் சூடு ஏறியிருந்தது. நான் பழைய எண்ணையே பாடினேன். கேமரா கத்தியது. பக்கத்து மேசைச் சுருட்டைத்தலைப் பெண் நிமிர்ந்து, "அண்ணே, முள்ளு எங்க நிக்குது, நீங்க எங்க நிக்கிறீங்க?" என்றாள். உடனே மாற்றுப் பம்பை ஓடவிட்டார்கள். ஒரு விபரீதமும் இல்லை, பயப்படாதே.

ஷிப்டு பொறுப்பாளர் அம்மா நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார். லாரி ஓட்டுகிறவருக்குக் கண் சொருகினால் ஓரமாக நிறுத்தச் சொல்கிறோமே, அது தண்டனையா என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூக்கத்தைச் சோதிப்பார்களாம். அதில் தேறினால் என் மேசை எனக்கு. இல்லையென்றால் வைத்தியம் முடியும்வரை தலைக்கவசம்தான்.

எனக்கு எதற்குச் சோதனை? அன்றைக்கு நான் தூங்கவே இல்லை, சத்தியமாக. என் கண்ணே அப்படி. அதனால் நீ ஒரு காரியம் செய். "என் வீட்டுக்காரர் விழித்திருக்கும்போதும் தூங்குகிறவர் போலத்தான் இருப்பார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூடவே நம் கல்யாண போட்டோவையும் கொடுத்துவிடுகிறேன். அதில் உன் பக்கத்தில் கண்மூடி நிற்கிறேனே, அன்றைக்கு நான் தூங்கினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

வீடு ராத்திரியில் ரொம்ப அமைதியாக இருக்கிறது. உலையில் வேலை பார்க்கிற எங்களுக்கு, ஓடுகிற இயந்திரத்தின் இரைச்சல் நின்றால்தான் திக்கென்று விழிப்பு வரும். நீ மகள் வீட்டுக்குப் போனதோடு உன் குறட்டையும் நின்று இரண்டு மாதமாகிறது. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகத்தான்.

நீ அவசரப்பட்டு வர வேண்டாம். பேத்திக்குத் தலை நிற்கட்டும். தலை நிற்க எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்டு எழுது.

மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கி எழுங்கள்.

உன்
அரைக்கண்ணன்

பி.கு.: மேலே "சத்தியமாக" என்ற சொல்லிலிருந்து தாளின் ஓரம்வரை ஒரு மைக்கோடு ஓடுகிறதே, அதை அடிக்கோடு என்று நினைத்துவிடாதே. அந்த இடத்தில்தான், பட்டப்பகலில், பேனாவும் கையுமாகத் தூங்கிப்போனேன்.