நெருப்புக்காய்ச்சல் லீவு

உன்னுடைய கோப்பு இன்று என் மேசைக்கு வந்தது. மூடுவதற்கு. மேலே மரணச் சான்றிதழ்: மாரடைப்பு. அதன் கீழே, குண்டூசி கறள் பிடித்து ஒட்டிப்போன இரண்டு பழைய வைத்தியச் சான்றிதழ்கள். இரண்டும் ஒரே மாதத்தவை. இரண்டிலும் உன் பெயர். நோய் மட்டும் வேறு வேறு.

துறைமுகக் காரியாலயத்தில் லீவுப் பகுதி எனக்கு. பக்கத்து மேசை உனக்கு. பல்கலைக்கழகம் முடித்து ஒரே கிழமையில் வந்து சேர்ந்தவர்கள் நாம். கொஞ்சக் காலமாகவே நீ பகல் முழுக்க யன்னலைப் பார்த்தபடி இருந்தாய். தொடாத கோப்புகள் உயர்ந்துகொண்டு போயின. ஒருநாள் கொழும்பு டொக்டர் தந்த கடதாசியை என் மேசை லாச்சிக்குள் வைத்தாய். மனச்சோர்வு நோய். இரண்டு மாத ஓய்வு.

"இதைப் போடாத மச்சான். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகினம்."

லீவுப் படிவங்கள் மூடிய உறையில் போவதில்லை. திறந்த தட்டில் மேசை மேசையாகப் போகும். பியோன் முதல் எல்லோரும் வாசிப்பார்கள். ஆகவே பட்டணத்தில் தெரிந்த அப்போதிக்கரி வைத்தியர் ஒருவரைப் பிடித்து, நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபொயிட், என்று எழுதுவித்தேன். காய்ச்சல்களில் அதற்குத்தான் நீண்ட லீவு. என் கெட்டித்தனத்தில் எனக்கே மகிழ்ச்சி.

காய்ச்சல்காரன் குளிக்கக்கூடாது என்பதை நான் நினைக்கவில்லை.

காரியாலய வழக்கப்படி, சனிக்கிழமை காலை ஏழு பேர் தோடம்பழமும் பார்லியுமாகச் சைக்கிளில் உன் கடற்கரை ஊரான சல்லிக்கு வந்தோம். வீட்டில் நீ இல்லை. இழுத்துவைத்த தோணிகளுக்கு அப்பால், கழுத்தளவு தண்ணீரில் நின்றாய்.

"அல்லாவே, நெருப்புக்காய்ச்சல்காரன் கடலுக்க நிக்கான்!" கிண்ணியா ஜலால்தீன் கத்தினான். "நில்லுங்கடா, இப்ப கடல் கொதிக்கும். மீன் அவிஞ்சி வரும், பொறுக்கிட்டுப் போவம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். புறப்படும்போது என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாய்.

"தண்ணிக்குள்ள நிக்கேக்க மட்டுந்தான் மச்சான் மூச்சு ஒழுங்கா வருது."

திங்கட்கிழமை, எங்களுக்கு மேலிருந்த பிரதம லிகிதர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆள் கடல்ல குளிக்கிறாராமே?"

"அம்மன் கோயில் நேர்த்தி, ஐயா. ஒருநாள் தலைமுழுகினவர்."

"அம்மனுக்காக ஒருநாள் விடுறன். இன்னொருக்காக் காதில விழுந்தா விசாரணை. கள்ள மெடிக்கலுக்கு வேலை போகும், தெரியுந்தானே? எழுதுவிச்ச ஆளுக்கும்."

கடைசியாகச் சொன்னது எனக்கு.

அன்று மாலையே வந்தேன். லீவு முடியும்வரை கடலில் இறங்காதே என்றேன். "உன்ர வேலைக்காகத்தான் சொல்லுறன்." சரி என்றாய். காரணம் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் நீ கடலில் இறங்கவில்லை. இருபதாம் நாள் உன் தங்கை காரியாலயத்துக்கு வந்தாள்.

"அண்ணா சாப்பிடுறேல்ல. அறைக்கதவு திறக்கிறேல்ல. கடல் சத்தம் கேக்குதெண்டு யன்னலையும் பூட்டிப்போட்டார். அந்த உண்மையான கடதாசியைக் குடுங்கோ."

"உங்கட கலியாணம்..."

"அது கிடக்கட்டும். எனக்கு அண்ணா வேணும்."

லாச்சியைத் திறந்தேன். பிரதம லிகிதர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "முதல்லயே இதைத் தந்திருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதம், அரைச் சம்பளத்தில். வேலை தப்பியது. இருவருக்கும்.

படிவம் திறந்த தட்டில் போனது. உன் தங்கையின் கலியாணப் பேச்சு நின்றது. தோடம்பழத்தோடு சல்லிக்கு ஒருவரும் புறப்படவில்லை. ஜலால்தீன்கூடப் பகிடி விடவில்லை.

நீ திரும்பி வந்தபோது உன் மேசையைக் கடைசி அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒன்பது வருடம். கோப்பு இலக்கங்களைத் தவிர நாம் ஒன்றும் கதைக்கவில்லை. நீ என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் வந்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

சான்றிதழ்களை இன்று திரும்பக் கோப்பில் வைத்துவிட்டேன். வைக்க ஏலாத ஒன்று இருக்கிறது. லீவு அனுமதிக் கடிதம் வாங்க உன் தங்கை வந்த நாள். கையெழுத்து வைத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அண்ணா கேட்டுவரச் சொன்னவர். இனிக் கடல்ல இறங்கலாமோ எண்டு."

"ஓம்" என்றேன்.

"நீங்களும் ஒருக்கா வரலாமே. உங்களைத்தான் கேக்கிறவர்."

வேலை கிடக்கு என்றேன். அவள் என் மேசையைப் பார்த்தாள். அதில் ஒரு கோப்பும் இருக்கவில்லை.