அடுக்களையைச் சுற்றிப் போன தெரு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், வீடும் சுகம். வீட்டின் சுகத்தை ஏன் தனியாக எழுதுகிறேன் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா? குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நீ கப்பலேறும்போது இங்கே மணலும் நாலைந்து மீன்படகும்தான். இப்போது வந்தால் அடையாளம் தெரியாது. கடல் கடந்து வந்த துரைகள் கோட்டை கட்டினார்கள், கிடங்கு கட்டினார்கள், இப்போது படகுத்துறையிலிருந்து கோட்டை வாசல் வரை அம்பு விட்டதுபோல் ஒரு நேர்த்தெரு போடக் கிளம்பிவிட்டார்கள். அளவெடுக்கும் துரைக்குக் கயிறு பிடிக்கும் வேலை எனக்கு. பெருமையாகப் பிடித்துக்கொண்டே போனேன், போனால் கயிறு நேரே நம் அடுக்களைக்குள் நுழைகிறது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த உன் அம்மா கயிற்றைப் பார்த்தாள், அதன் முனையில் என்னைப் பார்த்தாள். "நல்லாப் புடிங்க, கை நழுவிடப்போகுது" என்றாள்.

வீட்டை இடிக்கத் துரை நாள் குறித்தார், ஊர்க்கோடியில் வேறு மனை தருவதாகச் சொன்னார். அம்மா சண்டையே போடவில்லை, அதுதான் எனக்குப் பயம். அவர்கள் நட்ட முளைக்குச்சிகள் நம் அடுப்பில் எரிந்தன, கட்டிய கயிற்றில் என் துணி காய்ந்தது. குச்சிகள் எங்கே என்று துரை கேட்டதற்குக் காற்று பலமாக அடிக்கிறது என்றேன். வேலையும் போகக்கூடாது, சோறும் போகக்கூடாது, நான் வேறென்ன சொல்ல? இடிக்க ஆட்கள் வந்த அன்று அம்மா மண்வெட்டியோடு கொல்லைக் கிணற்றருகே போய் நின்றாள். துரைகள் தோண்டிய கிணறெல்லாம் உப்பு, கோட்டை முழுக்கக் குடிப்பது நம் தண்ணீர்தான். "வீடு போகுதுன்னா கிணத்தையும் தூத்துட்டுத்தான் போவேன்" என்று ஒரு கூடை மண்ணைத் தூக்கிவிட்டாள். இடிக்க வந்தவர்களே "ஐயையோ அக்கா, வேணாம்" என்று கூடையைப் பிடித்துக்கொண்டார்கள். அளவுத் துரை முகம் சிவந்து, கோட்டைக்கே தலைவரான பெரிய துரையைக் கூட்டி வந்தார். அவர் நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு குவளை வாங்கிக் குடித்தார். தெருவைக் கொஞ்சம் வளைத்துப் போடச் சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னால், "கொஞ்சம் போதாது, கோழிக்கூண்டும் இருக்குன்னு சொல்லுங்க" என்கிறாள். சொன்னேன், வேறு வழி?

இப்போது தெரு நம் வீட்டருகே வந்ததும் இடுப்பை ஒடித்துத் திரும்புகிறது. வண்டிக்காரர்கள் திட்டாத நாளில்லை. நேற்று அளவுத் துரை புதிதாகக் கப்பலில் வந்தவர்களுக்கு ஊரின் படத்தை விரித்துக் காட்டினார். எதிரியின் பீரங்கிக் குண்டு கோட்டை வாசலுக்கு நேராக வராமலிருக்கத் தானே யோசித்து வைத்த வளைவாம் அது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் சேர்ந்து தட்டினேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "போகட்டும் பாவம், அவரும் ஏதாவது யோசிச்சதா இருக்கட்டும்" என்றாள்.

மாப்பிள்ளை புது வீடு கட்டப்போவதாக எழுதியிருந்தாயே, சுவர் எழுப்பும் முன் கிணறு தோண்டச் சொல், மறந்துவிடாதே. குறைவில்லாமல் நீங்கள் வாழ எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
இரண்டு துரைகளுக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் அகப்பட்ட
உன் அப்பா