ஏரியைச் சுற்றுகிறது நம்ம ஊர் பஸ்

சேசு மரி சூசை

வில்பட்டி,
மே மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மகன் அமலுக்கு அம்மா சொல்லி எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று போடட்டுமா என்று ஆக்ஸிலியா பேனாவை நிறுத்திக் கேட்டாள், அண்ணன் அங்கே சுகமாக இருந்தால் சரி, அதை விசாரித்ததாக எழுது, நம்மைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றேன். நீ போனில் கூப்பிடும்போது உன் முகம் தெரிகிறது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு எதையும் சொல்ல வரவில்லை, எல்லாம் நல்லாருக்குப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு வேலுத்தாயின் அண்ணன் மகன் பிரதீப் வெள்ளிக்கிழமை தோஹாவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் மலைப்பூண்டும் ஆடலூர் மிளகும் காபித்தூளும் கொடுத்து விடுகிறேன், அதோடு இந்தக் காகிதமும் வரும். நான் சொல்வதை உன் தங்கச்சி அப்படியே எழுத மாட்டேன் என்கிறாள், புஸ்தகத்தில் வருகிற மாதிரி மாற்றித்தான் எழுதுகிறாள், அவளுக்கு அது ஒரு சந்தோஷம் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு இடுப்பு பரவாயில்லை. கேரட் மூட்டையோடு விழுந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு மாதா கெபி வரைக்கும் போய் வருகிறார், மூட்டை தூக்கும் சோலி இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும் என்றுதான் ஆக்ஸிலியாவை ஒன்பதாவதோடு நிறுத்தினோம், அப்பா எழுந்து நடந்ததும் பத்தாவதில் சேர்த்துவிடலாம் என்று நீயும் சொன்னாய். டவுன் கான்வென்ட் சிஸ்டரும் இவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சத்தந்தான் வர மாட்டேங்குது, படிப்பு நல்லா வருது, ஜூன் மாசம் அனுப்புங்க என்றார்கள். நீ ஈஸ்டருக்கு அனுப்பிய நீலப் பை வந்த அன்றைக்கே அதில் பேர் எழுதும் இடத்தில் பேரும் பத்தாம் வகுப்பு என்றும் எழுதி வைத்துவிட்டாள். காலையில் முதல் பஸ்ஸில் நான் லாட்ஜுக்கு வேலைக்குப் போகும்போது என்னோடு வந்து கான்வென்ட் வாசலில் இறங்கிக்கொள்வாள், சாயங்காலம் என்னோடு திரும்பி வருவாள் என்று நினைத்திருந்தோம். அந்தப் பஸ் இப்போது இல்லை, காலையில் வேறு பஸ்ஸும் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தவக்காலத்தில் நம் தெருவுக்கு ஒரு பிள்ளை வந்தது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பட்டையும் கையில் டேப்லெட்டும். கொடைக்கானலில் டூரிஸ்ட் நெரிசல் தாங்க முடியவில்லை, அதற்குப் புதிதாகப் பஸ் திட்டம் போடுகிறார்கள், அதற்காக யார் எதில் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறேன் என்று நல்லபடியாகத்தான் சொன்னது. ஆனால் உனக்குத் தெரியும், வேலுத்தாய் முன்னே ஒரு தடவை இப்படிப் பட்டை போட்டு வந்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னதில் அவளுக்கு வந்துகொண்டிருந்த மாதப்பணம் நின்றுபோனது. அதிலிருந்து எண்ண வருகிறவர் யாராக இருந்தாலும் நம் தெருவில் ஒரே பதில்தான், இல்லை. லாட்ஜில் சம்பளம் வாங்குகிறவளுக்கு எதற்கு இலவசப் பஸ் என்று கேட்டு அதையும் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று வேலுத்தாய் சொன்னாள், நாங்களும் நம்பினோம். பஸ்ஸா, நாங்க எங்கிட்டுப் போறோம், வீடே கதின்னு கெடக்கோம் என்று அவள் முதலில் சொன்னாள், வீட்டுக்கு வீடு அதையே சொன்னோம். ஆக்ஸிலியா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மா தினமும் பஸ்லதான் போகும் என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் வேலுத்தாய் சிரித்து, அவ என்னத்தக் கண்டா, வீட்டுக்குள்ளயே கெடக்குறவ, என்னைக்கோ ஒரு நாள் போனதச் சொல்லுது என்று மூடிவிட்டாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வந்த பிள்ளைக்கு ஆளுக்கு ஆள் காபி கொடுத்து அனுப்பினோம்.

சரி, நாங்கள் சொல்லாவிட்டாலும் சீட்டுக் கணக்கு இருக்குமே என்று நீ கேட்பாய். அதுவும் இல்லை. ஆண்கள் கேரட் ஜீப்பில் போய்விடுவார்கள், அந்தப் பஸ்ஸில் ஏறுவது பெண்கள்தான். நம் கண்டக்டர் முருகானந்தம் பெண்களுக்கு மெஷினில் சீட்டு அடிக்கவே மாட்டார். காசில்லாத சீட்டுக்கு எதுக்குக்கா பேப்பரு, வெரசா உள்ள போங்க என்பார். தங்கமான மனுஷன் என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம், கிறிஸ்துமஸுக்குப் பலகாரம்கூடக் கொடுத்தோம்.

சீசன் தொடங்கும்போது திட்டம் வந்துவிட்டது. வெளியூர் கார்களையெல்லாம் பெருமாள்மலையில் நிறுத்திவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் ஏரிக்கும் தூண்பாறைக்கும் கூட்டிப்போகிறார்கள். டவுன் ஹாலில் கூட்டம் போட்டு மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள், நானும் வேலுத்தாயும் லீவு சொல்லிவிட்டுப் போனோம். சுவரில் பெரிதாகப் படம் காட்டினார்கள், ஏரியைச் சுற்றிச் சிவப்புக் கோடு, நீலக் கோடு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சார், எங்க ஊரு எங்கன கெடக்கு என்று வேலுத்தாய் எழுந்து கேட்டாள். அந்த ஆபீசர் படத்தை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, வில்பட்டிப் பக்கம் அந்தக் காலை பஸ்ஸுக்கு ஆளே இல்லம்மா, சர்வேயிலயும் இல்ல, டிக்கெட்டுலயும் இல்ல, அதான் அந்த வண்டிய ஏரி ரூட்டுக்கு எடுத்திருக்கோம் என்றார். அப்ப காலையில அந்தப் பஸ்ஸுல தொங்கிட்டு வர்றது யாரு, எங்க ஆவியா என்று வேலுத்தாய் கேட்டதும் ஹாலே சிரித்தது, ஆபீசரும் சிரித்தார். நாங்க சொன்னது பொய்யிங்க, பயந்துக்கிட்டுச் சொல்லிட்டோம் என்று நானும் எழுந்து சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த தடவ சர்வே வரும்போது கரெக்டாச் சொல்லுங்கம்மா என்றார். அடுத்த தடவை எப்போது என்று கேட்டதற்கு, இந்தத் திட்டம் ரெண்டு மூணு வருஷமாவது ஓடிப் பார்க்கணும்ல என்றார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரு தடவை சிரித்துவிட்டதோடு எங்கள் பேச்சு முடிந்துபோனது. பங்குச் சாமியார் கலெக்டருக்கு மனு எழுதினார், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

பொய் சொல்லக் கூடாது, ஏரிச்சாலை இப்போது நன்றாக இருக்கிறது. ஹாரன் சத்தம் இல்லை, ஆம்புலன்ஸ் வழியில் நிற்காமல் போகிறது. போன வாரம் லாட்ஜுக்கு வெளியே நம் பஸ்ஸைப் பார்த்தேன் ராசா. பக்கமெல்லாம் குறிஞ்சிப்பூவும் அருவியும் வரைந்திருக்கிறார்கள், ஆனால் பின்படி ஒடுங்கியிருந்ததை வைத்து எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே பாதி சீட் காலி. முருகானந்தம் படியில் நின்றார். என்னைப் பார்த்ததும் கீழே குனிந்துகொண்டு, இதுல டூரிஸ்ட் பாஸ் இருந்தாத்தான் ஏத்தணும்க்கா, இப்ப ஒவ்வொரு தலைக்கும் சீட்டு அடிக்கச் சொல்றாங்க என்றார். சரி தம்பி என்றேன்.

இப்போது வெள்ளனே எழுந்து நடக்கிறேன். பனியில் காட்டுமாடு ரோட்டில் நிற்பது பக்கத்தில் போனால்தான் தெரிகிறது. என்னோடு நடந்து வந்த வேலுத்தாய் ஒரு நாள் அது முறைத்ததைப் பார்த்து ஓடி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டாள். நீ ஜீப்புக்குப் பணம் அனுப்புகிறேன் என்பாய். ஜீப் கேரட் ஏற்றியது போக இடம் இருந்தால்தான் ஆளை ஏற்றும், ஆண்களுக்கு நடுவில் மூட்டை மேல் உட்கார்ந்து தினமும் பள்ளிக்கூடம் போக இவளால் முடியாது, யாராவது பேர் கேட்டாலே இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கான்வென்ட் ஆஸ்டலில் கேட்டேன். தூரத்துப் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை, வில்பட்டி பக்கந்தானே என்றார்கள். பக்கந்தான். ஆஸ்டலுக்குப் பக்கம், நடக்கத் தூரம்.

லாட்ஜ் மேனேஜர் பின்னால் ஒரு ரூம் தருகிறேன் என்கிறார், நானும் இவளும் அங்கேயே தங்கி வேலை பார்ப்பதாக இருந்தால். இவள் படிக்கட்டும், நான் இரண்டு ஆள் வேலை பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். படிக்கிற புள்ளைக்கெல்லாம் ரூம் குடுக்க நான் என்ன ஆஸ்டலா நடத்துறேன் என்றார். நான் நடந்து நடந்து நேரம் தப்பினால் இருக்கிற வேலையும் போய்விடும், அப்பாவுக்கு மருந்து நிற்கக் கூடாது. அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் திறக்கிற அதே திங்கட்கிழமைதான் எங்களை வரச் சொல்லியிருக்கிறார். இவளுக்குப் பெட்ஷீட் மடிக்கிற வேலை. அப்பாவுக்கு வேலுத்தாய் ஒரு வாய் சோறு கொடுத்துக்கொள்வாள், ஞாயிறு பூசைக்கு நாங்கள் வருவோம். சொன்ன அன்றைக்கு இவள் அழவில்லை, சரிம்மா என்றாள். உன் பையில் துணியை அடுக்கி வைத்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு என்று எழுதியதை அழித்துவிடு, லாட்ஜில் பார்த்தால் சிரிப்பார்கள் என்றேன், துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. இதை எழுத வேண்டாம் என்கிறாள், எழுது, அண்ணனுக்குத் தெரியட்டும் என்கிறேன்.

இதற்காக நீ லீவு போட்டுக் கிளம்பி வந்துவிடாதே, வந்தாலும் பஸ் வராது. அங்கே நீ ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில் தெரிந்த ஆள், பாவப்பட்ட ஆள் என்று யாரையும் கார்டு தேய்க்காமல் ஏற்றாதே அய்யா, ஏறுகிறவர் கணக்கில் இருக்கட்டும். வெயிலில் தண்ணீர் குடி. ராத்திரி ஜெபத்தை விடாதே. மிளகு டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி வை. மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா குஞ்சம்மாள் சொல்ல
ஆக்ஸிலியா எழுதியது.

அண்ணே, பை நல்லா இருக்கு. நிறைய துணி பிடிக்குது.