மேசைக்குப் பேச்சுவார்த்தை இல்லை

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

பல நாள் யோசனைக்குப் பிறகு, நம் இரு குடும்பங்களின் எதிர்காலத்தையும் பாதிக்கக்கூடிய ஒரு முடிவை எடுத்திருக்கிறேன். சாப்பிடும்போது உன் அக்கா உட்காரும் நாற்காலியில் இருக்கிற பெரிய ரேடியோவை இறக்கித் தரையில் வைக்கப் போகிறேன். இதை அவளிடம் நேரம் பார்த்துச் சொல். வாயில் சோறு இருக்கும்போது சொல்லாதே; சந்தோஷத்தில் புரையேறிவிடும். தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் இப்போதைக்கு முடிவு மட்டும் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

அவள் கோபித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்த கதையை அவள் வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். பழைய சாமான் கடையில், ஓட்டை வாளிகளுக்கு நடுவே தலைகீழாகக் கிடந்த பச்சை ரேடியோவை நான் வாங்கி வந்தது உனக்குத் தெரியும். அதன் ஸ்பீக்கர் காகிதத்தை எலி தின்றிருந்தது. மெல்லிய தாளைப் பசையில் தோய்த்து, துண்டு துண்டாக ஒட்டி, காயவைத்து, மறுபடி ஒட்டி, அதைப் பேச வைத்தேன். நான் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், உன் அக்கா சத்தத்தை உச்சத்துக்குத் திருப்பி அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டாள். சாயங்காலம் வேலை மேசையில் உட்கார்ந்தபடியே, "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். "உன்கிட்ட பேசறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம்!" என்று கத்தினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: "தாராளமா பேசுங்க. இத்தன நாளா பெட்டிங்ககிட்டதானே பேசிட்டிருக்கீங்க." பிறகு துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் மனம்விட்டுப் பேசினேன். தடுமாறக் கூடாதென்று எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தேன். இரண்டு இடங்களில் குரல் தழுதழுத்தது; அது தாளில் இல்லாதது. நான் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ரேடியோக்களைக் குறைக்க வேண்டுமா, பேசலாம். கட்டிலுக்கடியில் இருக்கும் டிவி போக வேண்டுமா, அதையும் பேசலாம். ஆனால் என் வேலை மேசை ஜன்னலைப் பார்த்துத்தான் கிடக்கும். தலைமயிர் கனத்தில் இருக்கும் கம்பியைப் பற்றவைக்கிற வெளிச்சம் இந்த வீட்டில் அங்கே மட்டும்தான் விழுகிறது. மேசைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

உன் அத்தான்


பிப்ரவரி 16

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நாற்காலி சம்பந்தமான தங்கள் முடிவை அக்காவிடம் சமர்ப்பித்தேன். "தரையில வச்சா? நான் தடுக்கி விழறதுக்கா?" என்று கேட்டாள். புரையேறவில்லை.

போன் விஷயத்தில்தான் எனக்குக் குழப்பம். அக்காவின் வலது கையில் மாவு ஒட்டியிருந்ததால் இடது கையால் வாங்கி இடது காதில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கொஞ்ச நேரம் கேட்டாள், "ஹலோ, ஹலோ" என்றாள், வைத்துவிட்டாள். "ஒரு வார்த்தை பேசலடா. மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிறாரு. அதுக்கு எதுக்கு போன் போடணும்?" என்றாள். நான் கணக்குத் தணிக்கை செய்கிறவன். ஒருவர் கொடுத்தேன் என்கிறார், மற்றவர் வரவே இல்லை என்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக நடுவில் இருப்பவன் எடுத்திருப்பான். இங்கே நடுவில் இருப்பது நான்தான். நான் எதையும் எடுக்கவில்லை. இனிமேல் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

அக்காவின் குறை ரேடியோ இல்லை, டிவியும் இல்லை. "அவரு என்கிட்ட பேசியே ஒரு வருஷம் ஆகப்போகுது. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருப்பாரு. நடுநடுவுல தாடை அசையும். எதையோ மென்னுட்டிருக்காருன்னு நெனச்சுப்பேன்" என்கிறாள். நீங்கள் மெல்லும் பழக்கம் உள்ளவரா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்.

இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடி அறையைத் தனக்கே ஒதுக்கச் சொல்லியிருக்கிறாள். தனக்கென்று ஒரு அலமாரி செய்யத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறாள். பெட்டியோடு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், அலமாரி செய்தவர்கள் போக மாட்டார்கள் என்பது என் மனைவியின் கருத்து.

பின்குறிப்பு: எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் சரிசெய்து கொடுத்த ரேடியோ கெட்டுவிட்டது போலிருக்கிறது. அக்கா அதை எவ்வளவு கூட்டினாலும் "முணுமுணுக்குது" என்கிறாள். எங்களுக்கோ சுவரே அதிர்கிறது. என்ன கோளாறாக இருக்கும்?

தங்கள் மைத்துனன்


பிப்ரவரி 21

அன்புள்ள மச்சானுக்கு,

நான் எதையும் மெல்வதில்லை. அந்தத் தாடை அசைந்ததெல்லாம் பேச்சு. கடைக்கு யார் வந்தார்கள், எந்தக் கிழவர் எந்தக் கிழவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார், எல்லாவற்றையும் வேலை செய்தபடியே தினமும் அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எதற்கும் ஒரு 'ம்' கிடையாது. பேசாமல் இருந்தது யார் என்று நீயே தணிக்கை செய்துகொள்.

வாக்குக் கொடுத்தபடி சாமான்களைக் குறைக்க ஆரம்பித்துவிட்டேன். கட்டிலுக்கடியில் இருந்த சின்ன டிவியை ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்தேன். அவர் நன்றிக்கடனாக, தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்த டிவியைக் கொடுத்தார். மரப்பெட்டி, முன்னால் இரண்டு கதவு, பித்தளைக் கைப்பிடி. மறுத்தால் மனம் புண்படும். பிக்சர் டியூபை யாரோ கழற்றிக்கொண்டு போனதால் அந்த இடத்தில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பூனைக் குடும்பத்தை ஆசிரியரே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆக, எண்ணிக்கை கூடவில்லை. பரப்பளவுதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. இதை அக்காவிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

உன் ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். இதே புகாரை இங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்காக மூன்று ரேடியோவைப் பிரித்து, கண்டென்சர் மாற்றி, ஒன்றுக்குப் புது ஸ்பீக்கரே போட்டேன். மூன்றும் முன்பைவிட நன்றாகப் பாடின. அவள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உன்னுடையதில் நிஜமாகவே ஏதாவது இருக்கலாம். ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதுவதால் எனக்கு விவரம் வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் இப்படியா? கூட்டினால் சத்தம் கூடுகிறதா, இரைச்சல் கூடுகிறதா? ரேடியோவை எங்கே வைத்திருக்கிறீர்கள், யார் எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்? சம்பந்தமில்லாதது என்று நீ நினைப்பதையும் எழுது. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உன் அத்தான்


பிப்ரவரி 27

அன்புள்ள அத்தானுக்கு,

கேட்ட விவரங்களைத் தருகிறேன். எனக்கும் என் மனைவிக்கும் எல்லா ஸ்டேஷனும் கணீரென்று கேட்கிறது. இரைச்சல் இல்லை. அக்கா மட்டும், "சத்தம் வருது, வார்த்தை வரல. இப்பல்லாம் செய்தி படிக்கிறவங்களுக்கு வாயத் தொறக்கவே சோம்பேறித்தனம்" என்கிறாள்.

ரேடியோ கூடத்தில், அக்காவின் நாற்காலிக்கு வலது பக்கம் இருந்தது. ஒட்டடை அடிக்கும்போது என் மனைவி அதை இடது பக்கத்துக்கு மாற்றினாள். அன்றைக்கே அக்கா "சுத்தமா செத்துப்போச்சு" என்று அறிவித்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருக்கிறது. மறுபடி வலது பக்கம் வைத்ததும் உயிர் வந்துவிட்டது என்றாள். இடம் மாறினால் கெட்டுப்போகும் ரேடியோவை நான் பார்த்ததில்லை.

சம்பந்தமில்லாததையும் எழுதச் சொன்னீர்கள். உங்கள் மேலிருக்கும் கோபத்துக்குத் தண்டனை எங்களுக்குக் கிடைக்கிறது. சமையலறையிலிருந்து என் மனைவி கூப்பிட்டால் அக்கா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதிரே போய் நின்றால், ஒன்றும் நடக்காதது போலச் சிரிக்கிறாள். நேற்று வாசல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணிக்குக் கீழேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி, "உங்க அக்காவுக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாதுங்க" என்றாள். அத்தானோடு வாழ்ந்த பழக்கதோஷம் என்று சமாதானம் சொன்னேன்.

தச்சர் அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கள் மைத்துனன்


மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

உன் ரேடியோவில் கோளாறு இல்லை. அதை யாரிடமும் கொடுக்காதே, திறக்காதே.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்து, "இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தைப் பொடிப்பொடியா அடிக்கிறாங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கடைக்கு வருகிறவர்களில் தன் கண் மங்கிவிட்டது என்று சொல்லி வந்தவர் மிகக் குறைவு. வீட்டில் பல்பு சரியில்லை என்பார்கள். பஸ்ஸில் நம்பர் எழுதுகிறவனைத் திட்டுவார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை மூக்கில் மாட்டுவேன். உலகம் மொத்தமும் மங்கிவிட்டது என்று நம்புவது யாருக்கும் சுலபம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஒருத்தி "ரேடியோ முணுமுணுக்குது" என்றபோது நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

நீ ஒரு காரியம் செய். அவள் வேறு வேலையாக இருக்கும்போது, பின்னால் இடது பக்கம் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடு. பிறகு வலது பக்கம் நின்று கூப்பிடு. கத்தாதே. பரீட்சை என்று தெரியக் கூடாது. நான் நினைக்கிறது சரி என்றால், ஏதாவது சாக்குச் சொல்லி நல்ல காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட வேண்டாம்.

போனில் நான் படித்த தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அவளிடம் கொடு. குரல் தழுதழுத்த இடங்களுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

அலமாரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அத்தான்


மார்ச் 13

அன்புள்ள அத்தானுக்கு,

பரீட்சை நடத்தினேன். இடது பக்கம் நின்று கூப்பிட்டேன்; இரண்டாம் முறையும் கூப்பிட்டேன்; துணி மடித்துக்கொண்டே இருந்தாள். வலது பக்கம் போய்க் கூப்பிட்டேன். "என்னடா, பூனை மாதிரி சுத்தி வர்றே?" என்றாள்.

அடுத்து நடந்ததற்கு இருவரும் பொறுப்பு. கடிதத்தையும் தாளையும் ஒரே உறையில் போட்டது உங்கள் தவறு. உறையோடு அக்காவிடம் நீட்டியது என் தவறு. நின்றபடி கடிதத்தைப் படித்தாள். உட்கார்ந்து மறுபடி படித்தாள். "என்னை ரேடியோவாட்டம் பிரிச்சுப் பாத்திருக்காரு" என்றாள். என் மனைவி மெதுவாக உள்ளே போய்விட்டாள். கடிதத்தை மடித்துக்கொண்டே அக்கா, "போகட்டும். ரேடியோவைத்தான் அவரு ஒழுங்காப் பாப்பாரு" என்றாள். பிறகுதான் உங்கள் தாளை எடுத்தாள். அதையும் படித்தாள். மடித்து, மாற்றுக் கண்ணாடி வைக்கும் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போகும் வழியில் என்னிடம் ஒன்று சொன்னாள். "அவரு பேசறதில்லன்னு நெனச்சப்ப கோபம்தான்டா இருந்துச்சு. கோபத்தோட எத்தன நாள் வேணும்னாலும் இருந்துடலாம். இப்ப பயமா இருக்கு. நாளைக்கு மொத்தமும் போயிடுச்சுன்னா?" நான் வலது பக்கம் மாறி நடந்தேன்.

இடது காது பெரும்பாலும் போய்விட்டது, வலது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மொத்தமும் போகும் என்று சொல்லவில்லை; போகாது என்றும் சொல்லவில்லை. காதில் வைத்துக்கொள்ள மிஷின் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் ரேடியோவை அக்காவே எழுந்து குறைத்தாள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள். எழுதச் சொன்னது மட்டும் இது: "மிஷினை அவரு திறக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரோட பக்கத்துலயே வரக் கூடாது. என்கிட்ட பேசறதா இருந்தா என் மூஞ்சியப் பாத்துப் பேசணும். மேசையப் பத்தி நான் எதுவும் கேக்கல. அதுக்குப் பேச்சுவார்த்தை இல்லன்னு முதல் கடிதத்துலயே எழுதியிருக்காரே, உன் அலமாரி மேல கிடந்துச்சு, படிச்சேன்." கதவு வைத்த டிவியைப் பற்றியும் அப்படியே படித்துவிட்டாள்.

அவளுடைய புது அலமாரி வந்துவிட்டது. அதில் இன்னும் எதையும் வைக்கவில்லை.

தங்கள் மைத்துனன்


மார்ச் 25

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வியாழக்கிழமை வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாம். நாற்காலியில் இருந்த ரேடியோவை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அதற்கு முன்பே இறக்கிவிட்டோம். அது தரையிலும் இல்லை. கதவு வைத்த டிவிக்குள், பூனை இருந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மிஷின் இன்னும் அவளுக்குப் பழகவில்லை. தண்ணீர்க் குழாய், செருப்பு, பேப்பர் புரட்டுவது எல்லாம் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறதாம். இடையிடையே கழற்றி வைத்துவிடுகிறாள். அந்த நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறாள். மிஷினை நான் திறக்கவில்லை. ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். திருகு எதுவும் வெளியே தெரியவில்லை. அதற்கே முறைத்தாள்.

பச்சை ரேடியோவுக்கு மறுபடி காகிதம் ஒட்டி முடித்துவிட்டேன். பக்கத்தில் உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பாதிகூடப் போகவில்லை, "போதும்" என்று கையைக் காட்டினாள். கவனமாகக் கேட்டாள். "இது எப்பவுமே இப்படிக் கரகரன்னுதான் இருக்குமா? இதைக் கேக்கவா இத்தன நாளா உக்காந்திருந்தீங்க?" என்றாள். கரகரப்பு உண்மைதான், நாளை திறந்து பார்க்க வேண்டும்.

மாடி அறை அலமாரியை உன் மனைவியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னாள்.

வேலை மேசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இப்போது அது கூடத்தைப் பார்த்து இருக்கிறது. ஜன்னல் எனக்கு முதுகுப் பக்கம் போய்விட்டது. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

உன் அத்தான்