கருத்து நோட்டில் உன் பேர்

மாப்ளே,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். 'ற' போட்டால் வால் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. 'ஞ' இன்னும் பிடிபடவில்லை. ஒரு பக்கம் முடிக்க ஒரு பகல் ஆகிறது. ஆனாலும் நானேதான் எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில், பேத்தியின் பழைய நோட்டில், பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாமல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஆறு மாதமாகப் போகிறேன். இப்போது கன்னிவாடி பஸ்ஸா சாணார்பட்டி பஸ்ஸா என்று யாரையும் கேட்பதில்லை. போர்டைப் படித்து ஏறுகிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னிடம்தான் முதலில் படித்துக் காட்டியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் என்னை பைபாஸில் புதிதாக வந்திருக்கும் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனான். சாப்பிட்டு முடித்ததும் சப்ளையர் ஒரு நோட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். நூலில் கட்டிய பேனா தொங்கியது. சாப்பிட வந்தவர்கள் கருத்து எழுதுகிற நோட்டு.

நாம் சப்ளையராக இருந்த கடையிலும் அப்படி ஒரு கருத்து நோட்டு கல்லாவின் ஓரத்தில் கிடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம், மத்தியானக் கூட்டம். உன் இடது கையில் நாலு தட்டு, வலது கையில் தாள்சா வாளி. ஜன்னலோர மேஜைக்காரர் உன்னைப் பார்த்து விரலைச் சொடக்கினார். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாவது தரம் நீ திரும்பி, "ரெண்டு கைதான சார் இருக்கு. செத்த நேரம் பொறுங்க, வாரேன்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரும் சிரித்தார். நான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

போகும்போது என்னைக் கூப்பிட்டு நோட்டைக் கேட்டார். கொடுத்தேன்.

"அவன் பேரு என்ன?"

சொன்னேன். கேட்காமலேயே உன் ஊரையும் சேர்த்துச் சொன்னேன். "இருவது வருசமா இருக்கான் சார், தங்கமான ஆளு" என்றும் சொன்னேன். அவர் அரைப் பக்கம் எழுதிவிட்டு என் கையில் ஐம்பது ரூபாய் வைத்தார். அப்போது நமக்கு அது பெரிய டிப்ஸ். அவ்வளவு கொடுக்கிறவர் கெட்டதாக எழுதுவார் என்று எந்தச் சப்ளையருக்குத் தோன்றும்? கை நீட்டிக் கொடுத்தால் நல்ல மனுஷன். நம் கணக்கு அதுதான். அந்தக் கணக்கைப் போல மோசமானது வேறு இல்லை.

நோட்டை உன்னிடம் ஓடி வந்து காட்டினேன். "படி மாப்ள, என்ன எழுதிருக்காரு?"

நீ பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். "ம்... நல்லாத்தான் எழுதிருக்காரு. நோட்ட இருந்த எடத்துலயே வையிலே" என்றாய்.

உனக்கு வெட்கம் என்று நினைத்தேன். நேராக முதலாளியிடம் கொண்டுபோய், "நம்மாளப் பத்தி ஒருத்தர் புகழ்ந்து எழுதிருக்காரு மொதலாளி" என்று விரித்து வைத்தேன். அவர் கடைக்கே கேட்கும்படி வாசித்தார். திமிர் பிடித்தவன், வந்தவர்களை எதிர்த்துப் பேசுகிறான், இவன் இருக்கிற கடைக்கு இனி யாரையும் அனுப்ப மாட்டேன். அதில் உன் பேர். நான் சொன்ன ஊர்.

"சட்டையக் கழட்டி வச்சுட்டுப் போ" என்றார் முதலாளி. கடைச் சட்டையைக் கழற்றி, மடித்து, கல்லாவின் மேல் வைத்தாய். சாப்பிடுகிறவர்கள் நடுவே பனியனோடு நடந்தாய். நான் வாசல் வரை வந்தேன். "போலே, ஆறாம் நம்பர் டேபிள் காத்துக்கிட்டு இருக்கு" என்றாய். நான் போனேன். ஆறாம் நம்பருக்குத் தண்ணீர் வைத்தேன்.

வருகிற டிப்ஸை மேஜை துடைக்கிறவர்களுக்கும் சேர்த்துப் பொது டப்பாவில் போடுவது நம் வழக்கம். அந்த ஐம்பதை நான் போடவில்லை. உன் வேலை போன அன்று என் வீட்டில் கறிக்குழம்பு.

அதன்பிறகு வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினாய். முதுகு போயிற்று. எத்தனை தரம் சேர்ந்து டீ குடித்திருப்போம், நீ என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. டீக்கடையில் கிளாஸை நீயே கொண்டுபோய்க் கொடுப்பாய். "காச வீசிட்டுப் போறது பெருசில்லலே. மூஞ்சியப் பாத்துக் கேளு, என்ன வேணும்னு" என்பாய். எனக்குத்தான் சொல்கிறாய் என்று தலையைக் குனிந்துகொள்வேன். மன்னித்துக்கொள் என்று கடைசி வரை சொல்லவில்லை. அன்று ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்றா? நான் அந்தப் பக்கம் போனதும் தாளைக் கிழித்துவிடலாம் என்றா? எதுவாக இருந்தாலும் கெடுத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சப்ளையர் வடக்கத்தி ஆள், நாற்பது வயதிருக்கும். கறி வரத் தாமதம். என் மகன் இரண்டு தரம் சொடக்கியிருந்தான், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நோட்டு வந்ததும் மகன் அவன் பேரைக் கேட்டான். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். தமிழ் படிக்கத் தெரியாத சிரிப்பு, மாப்ளே. அன்று என் முகத்தில் இருந்த அதே சிரிப்பு. மகன் எழுதுவதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'சோம்பேறி' என்று இருந்தது. கிழிக்கத்தான் கை போனது. எனக்கு எழுதத் தெரியும் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

பேனாவை வாங்கினேன்.

"அப்பா, என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"செத்த நேரம் இரு. நான் மெதுவாத்தான் எழுதுவேன்."

அவன் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: 'தாமதம் அடுப்படியில். இவர் மேல் தப்பு இல்லை. இவருக்கும் இரண்டு கைதான்.' கையெழுத்தும் போட்டேன். வீடு வரும்வரை மகன் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

மகன் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. என்னுடையது கோழி கிளறியது. அந்தக் கடை முதலாளி எதை நம்புவார் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கப்போகிறேன். அந்த ஆள் இன்னும் அங்கே தட்டோடு நின்றால், அடுத்த வாரம் அதை உனக்கு எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் எழுதுவேன். உன்னைப் போல மறைக்க எனக்குத் தெரியாது.