நம்ம ஆளுக்கு ஒரு கையெழுத்து

மரியே வாழ்க
17.12.2019

பவுனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிப்பதற்குள் ஷிப்ட் மணி அடித்துவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, உடனே எலுமிச்சை ஊறுகாயைப் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த முறை மில் வேன் வரும்போது கொடுத்தனுப்புகிறோம். உங்கள் வார்டன் எல்லோர் போனையும் வாங்கிப் பூட்டி வைத்தது ஒரு வகையில் எனக்கு நல்லதாகப் போயிற்று. இனிச் சொல்லப்போவதை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல என்னால் முடியாது.

நம்ம ஊர் பிரசிடெண்ட் தேர்தலுக்கு நம்ம கட்சி கிளெமென்ட்டை நிறுத்தியிருக்கிறது.

நீ இந்த வரியைத் திரும்ப வாசித்திருப்பாய். அதே போர்வெல் வண்டி கிளெமென்ட்தான். போன தேர்தலில் எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு, ஓட்டுச்சாவடி வாசலில் எங்க அப்பாவை அடிக்க இரும்பு நாற்காலியைத் தூக்கியவர். குறுக்கே பாய்ந்த உங்க அப்பாவின் கை முறிந்தது. இன்றைக்கும் வீரன் மாமாவுக்கு அந்தக் கை முழுசாக நீளாது. இந்த வருஷம் ஆடியில் கிளெமென்ட் நம்ம கட்சிக்கு வந்தார். இப்போது அவருக்கே சீட். வீரன் மாமாதான் நிற்பார் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாதுதான். ஆனாலும் யார் எந்தக் கட்சி ஆள் என்று நம்ம ஊரில் யாருக்குத் தெரியாது?

ஒன்றியச் செயலாளர் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் பெயரை அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்ததால் முகங்களைப் பார்த்தேன். தட்டும்போது ஒருவர்கூட இன்னொருவரைப் பார்க்கவில்லை. அப்பா தன் துண்டைப் பார்த்துக்கொண்டு தட்டினார்.

அதற்குப் பிறகுதான் அசிங்கம். வேட்புமனுவில் முன்மொழிபவர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். கட்சிக்காக உயிரைக் கொடுப்பேன் என்கிறவர்களில் ஒருவருக்கும் கையெழுத்துக் கொடுக்க முடியவில்லை. ஒருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம். சோலைமுத்து அண்ணன், "எனக்குக் கை நடுங்குதுப்பா. நான் போட்டா மனு தள்ளுபடி ஆயிரும்" என்றார். காலையில்தான் அவர் முருங்கைமரத்து உச்சியில் ஏறி நின்று காய் பறித்ததைப் பார்த்தேன்.

கடைசியில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள், கிளைச் செயலாளர் என்று. அப்பா சொன்னார்: "புது வாக்காளர் போட்டா ராசியா இருக்கும். எம்மக போடுவா."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை பவுனு. நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். போட்டேன். "ஒம்பதாங்கிளாஸோட நின்ன பிள்ளை கையெழுத்தா இது? முத்து முத்தா இருக்கே பாப்பா!" என்றார் கிளெமென்ட். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போது என்னைக் கூச வைப்பது கையெழுத்தைவிட அந்தச் சந்தோஷம்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் மாமா எங்கள் வாசலில் நிற்கிறார், கையில் ஒரு மனுவோடு. சுயேச்சையாக நிற்கப் போகிறாராம். "என்ன தாயி, ஓட்டுரிமை வந்ததும் மொதக் கையெழுத்து எனக்குத்தான்னு சின்னப் பிள்ளையில சொன்னியே. கொண்டா பேனாவ" என்று சிரிக்கிறார். ஒருவர் ஒருவரைத்தான் முன்மொழியலாம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏற்கெனவே போட்டுட்டேன் மாமா" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தில் இருந்திருக்கும். "அதுக்கென்ன தாயி, உங்கத்தை இருக்கால்ல" என்று சொல்லிப் போய்விட்டார். நேற்று அத்தை கையெழுத்தோடு மனுவைக் கொடுத்துவிட்டார்.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன். கோபம் என்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன்
நான்சி


கருப்பசாமி துணை
21.12.2019

அடி நாஞ்சி,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். எருமை. மண்ணு. பேனாவை எடுத்து அந்த ஆள் சட்டையில் மை தெளித்திருக்க வேண்டாமா? சரி, திட்டு முடிந்தது.

வாசித்ததும் கோபம்தான் வந்தது. நூல் நூற்கும் ரிங் பிரேமில் நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டே அன்றைக்கு முழுக்க உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். சாயங்காலத்துக்குள் ஆறிவிட்டது. அந்த முற்றத்தில் அத்தனை ஆம்பளைகளும் செய்யாததை நீ மட்டும் ஏன் செய்திருக்க வேண்டும்? அதுவும் நீ! கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்க மாட்டாயே.

அப்பா நிற்பது எனக்குப் பெருமைதான். ஜெயிக்க மாட்டார் என்றும் தெரியும். அவருக்கே தெரியும். நேற்று வார்டன் போனில் பேசியபோது சொன்னார்: "செயிக்கிறதுக்கு இல்லத்தா. அந்தாளு பேருக்குப் பக்கத்துல எம்பேரும் இருக்கணும். பாக்குறவன் கொஞ்சம் யோசிக்கட்டும்."

இங்கே தேர்தலுக்கு லீவு உண்டாம், ஊருக்குப் போக வேன் கிடையாதாம். கேட் பாஸும் கிடையாதாம். அப்படியானால் லீவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு வந்த முதல் ஓட்டே இப்படி வீணாகிறது. அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்து ஊர் பார்க்கப் போட்டது, போகட்டும். ஓட்டு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போடுவது. அங்கே உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள். உனக்குக் கூச்சமே வேண்டியதில்லை. எங்க அப்பாவுக்குப் போடு. நான் போட்டதாகவே நினைத்துக்கொள்வேன். போடுகிறேன் என்று எழுது.

ஊறுகாய் வந்தது. எங்கள் அறைப் பெண்கள் உன் அம்மாவுக்குக் கோயில் கட்டப் போகிறார்கள்.

பவுன்தாய்


மரியே வாழ்க
26.12.2019

என் பவுனு,

உன் கடிதம் கிறிஸ்துமஸ் பரிசு மாதிரி வந்தது. எருமை என்று எழுதியதை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. போடுகிறேன். மாமாவுக்குக் கத்திரிக்கோல் சின்னம். சத்தியமாகப் போடுகிறேன்.

நீ ஊரில் இல்லாதது ஒரு விதத்தில் நல்லது. வாபஸ் வாங்கக் கடைசி நாள் அன்று அப்பா என்னை, "செத்த நேரம் வாம்மா" என்று கூப்பிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. வெளியே கிளெமென்ட்டின் கார் நின்றது. கிளெமென்ட் முன்னால், அப்பாவும் நானும் பின்னால். உங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோதுதான் என்னை எதற்குக் கூட்டி வந்தார் என்று புரிந்தது. நான் இருந்தால் மாமா கோபப்பட மாட்டார்.

மாமா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். "வா சிலுவை" என்றார் அப்பாவிடம். காருக்குள் இருந்தவரைப் பார்த்தார். "உள்ள வரச் சொல்லு. நம்ம வீட்டுல பிளாஸ்டிக் நாற்காலிதான், பயப்படாம உக்காரலாம்."

கிளெமென்ட் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "அண்ணே, பழச மறந்துருவோம்ணே. இப்ப நாம ஒரே குடும்பம்" என்றார்.

"நீங்க மறந்துருங்க தம்பி. எனக்குச் சட்டை போடும்போதெல்லாம் ஞாபகம் வருது" என்றார் மாமா.

அப்பா மாமாவின் அருகில் போய் மெதுவாகச் சொன்னார்: "வீரா, ஓட்டுப் பிரிஞ்சா எதிர்க்கட்சி இனிகோ செயிச்சுருவான். இம்புட்டு வருசம் கொடி பிடிச்சோம், அவங்க கையிலயா ஊரைக் குடுக்கறது? வாபஸ் வாங்கிரு. எனக்காக."

மாமா கையிலிருந்த தழையைக் கீழே வைத்தார். பிறகு, "ஏலே சிலுவை, நீ மட்டும் நடந்து வந்து கேட்டிருந்தா வாங்கிருப்பேன். காருல வந்து கேக்கிறியேப்பு" என்றார்.

அப்பா தலையைக் குனிந்தார். அத்தை உள்ளே இருந்து எனக்கு மட்டும் ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து கொடுத்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் மாமாவைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தத் தாளைக் கொடிக் கம்பத்தில் ஒட்டியது அப்பா.

இப்போது தினமும் பிரசாரம். அப்பா முன்னால் கைகூப்பிக்கொண்டு போகிறார், நான் பெண்களோடு ஆட்டோ சின்னம் போட்ட நோட்டீஸ் கொடுக்கிறேன். கிளெமென்ட்டுக்கு ஆட்டோ, எதிர்க்கட்சி இனிகோவுக்கு ஏணி. அன்னாள் அக்கா வீட்டில் நோட்டீஸை நீட்டினேன். "ஏண்டி நான்சி, உங்கப்பன் கட்சி மாறவே இல்லடி. கட்சிதான் உங்கப்பன விட்டுட்டு கிளெமென்ட்டுக்கு மாறிருச்சு" என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற அப்பாவும் காதில் விழுந்து சிரித்தார். அவர் சிரித்திருக்க வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், எந்த வீட்டுக்குப் போனாலும் கிளெமென்ட் எதிரில், "நம்ம கட்சிக்குத்தான்" என்கிறார்கள். அவர் நகர்ந்ததும் என் காதில், "மனசுக்குள்ள வீரன்தான் பாப்பா" என்கிறார்கள். என் மனசிலும் அவர்தான்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும் பேறு கிளெமென்ட்டுக்குக் கொடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உன்
நான்சி


4.1.2020

பவுனு,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். கிளெமென்ட் ஜெயித்துவிட்டார், பெரிய வித்தியாசத்தில். மாமாவுக்கு நாற்பத்து மூன்று ஓட்டு.

மற்றதை நான்தான் சொல்ல வேண்டும்.

நாம் படித்த பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி. நாலு பதவிக்கு நாலு நிறத்தில் ஓட்டுச்சீட்டு. பிரசிடெண்டுக்கு இளஞ்சிவப்பு. மற்ற மூன்றையும் குத்தி மடித்துவிட்டேன். இளஞ்சிவப்புச் சீட்டைக் கடைசியாக விரித்தேன். நீ சொன்னது போல என்னை யாரும் பார்க்கவில்லை. ஏணி மேலே இருந்தது, ஆட்டோ நடுவில், கத்திரிக்கோல் கடைசியில்.

ரப்பர் முத்திரையை ஆட்டோ மேல் குத்தினேன்.

பயத்தில் குத்தினேன் என்று எழுதலாம், அது பொய். யாரும் மிரட்டவில்லை. கை தவறிவிட்டது என்றும் எழுதலாம், அதுவும் பொய். கத்திரிக்கோலுக்கு நேரே கையைக் கொண்டுபோனேன். அப்போது இனிகோவின் ஆட்கள் நம்ம தெருவில் வேட்டு வெடிப்பது போலத் தோன்றியது. சின்ன வயதிலிருந்து நம்ம கொடி, நம்ம பாட்டு, தோற்ற ராத்திரிகளில் நம்ம வீடுகளில் அடுப்பு எரியாதது, எல்லாம் வந்தது. கிளெமென்ட்டுக்கு இல்லை, கட்சிக்கு என்று சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. அந்த மனுவில் என் பெயர் இருக்கிறது. அவர் தோற்றால் நானும் தோற்றது போலத் தோன்றியது. எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

இத்தனை வித்தியாசத்துக்கு என் ஓட்டு தேவையே இல்லை. மாமாவுக்கு மட்டும் அது நாற்பத்து நான்காக இருந்திருக்கும்.

முடிவு வந்த அன்று அப்பா வெற்றி ஊர்வலத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோனேன். "நான் கத்திரிக்கோல்லதாம்மா குத்துனேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "ஊரெல்லாம் ஆட்டோ ஆட்டோன்னு கத்திட்டு, உள்ள போனதும் வேற ஒண்ணும் தெரியல. அந்தக் கை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அதுலதான?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்பா எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். நோட்டீஸ் கொடுக்கும்போதெல்லாம் அவரைப் பார்த்துக் கூசினேனே, அந்த அப்பா.

நேற்று மாமா வந்தார். அப்பாவும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போகும்போது மாமா என் தலையில் கை வைத்தார். "நாப்பத்து மூணு பேருதான். ஆனா யாரு யாருன்னு எனக்குத் தெரியும் தாயி. எம்மக போன்ல சொன்னா, அவ ஓட்டும் உங்கையில வந்துருச்சு, இல்ல?" என்றார். அப்பா பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

நாளைக்கே மாமாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். எருமை என்று எழுது. எதுவானாலும் எழுது.

நான்சி


20.1.2020

நான்சிக்கு,

பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்கு வந்திருந்தேன். நீ அறிந்திருப்பாய். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "அவளுக்கு ஒடம்பு சரியில்லத்தா, நீ வந்து பாரு" என்று சொன்னாள். நான் ஆடு மேய்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். உன் அம்மாவிடம் அப்படி நடந்துகொண்டது எனக்கும் வெட்கமாக இருந்தது.

அப்பாவிடம் சொல்லாதே. அந்த நாற்பத்து மூன்று பேரையும் பெயர் சொல்லி அவர் எண்ணுகிறார். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மா, உன் அப்பா, நீ என்றுதான் ஆரம்பிக்கிறார். உன் பெயர் வரும்போது, "அந்தக் கூச்சப் பிள்ளைக்கு எம்புட்டுத் தைரியம் பாரு" என்கிறார். நான் ஆமாம் என்று சொன்னேன். இனியும் சொல்வேன்.

எதிரில் பேச முடியாதவள் உள்ளே சரியாக இருப்பாள் என்று உன்னைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். ஹாஸ்டலில்கூடச் சொல்லியிருக்கிறேன். உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை.

நீ பொய் எழுதியிருக்கலாம். எழுதாததற்கு நன்றி. ஆனால் இப்போது அது உன்னிடமும் என்னிடமும் மட்டும் இருக்கிறது, அப்பா சிரிக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது.

இனிமேல் எழுத வேண்டாம். ஊறுகாயும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று உன் அம்மாவிடம் ஏதாவது காரணம் சொல்லிவிடு. எங்க அப்பா வழியில் பார்த்தால் "தாயி" என்று கூப்பிடுவார். நின்று பேசு. ஓடிவிடாதே. அவருக்கு வருத்தமாக இருக்கும்.

வீ. பவுன்தாய்